குறை சொல்வது எப்போது புறமாகும்?

ஒருவர் நமக்கு அநீதி செய்துவிட்டார். அதை நாம் நான்கு பேரிடம் எடுத்துச் சொல்கிறோம். இது புறம் பேசுவதாகுமா, ஆகாதா? 'நடந்ததைத்தானே சொன்னேன், பொய் ஒன்றும் சொல்லவில்லையே' என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் புறம் என்பதே உள்ள குறையைச் சொல்வதுதான். இல்லாததைச் சொன்னால் அது அவதூறு என்று நாயகம் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே, 'உண்மையைத்தான் சொன்னேன்' என்பது இங்கே போதுமான பதிலாகாது.

அண்மையில் எனக்கு நேர்ந்த ஒரு சிறு அனுபவத்தை வைத்து இதை ஆராயலாம். சிறியதாக இருப்பதும் நல்லதுதான். பெரிய அநீதிகளில் கோபம் வந்து சட்டத்தை மறைத்துவிடும்.

என் அத்தா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் ஒன்று வீட்டில் இருக்கிறது. 17 கல் வைத்தது. தினமும் சாவி கொடுக்க வேண்டும். அது மெதுவாக ஓடத் தொடங்கவே, கடைத்தெருவில் ஒரு வாட்ச் கடையில் கொடுத்தேன். "முழுசாக் கழற்றிக் கழுவி எண்ணெய் விடணும் ஹஜ்ரத், 700 ரூபாய் ஆகும்" என்றார் கடைக்காரர். வியாழன் என்றார், அடுத்த வியாழன் என்றார், நான்காவது நடையில் கொடுத்தார். ஒன்பதாம் நாள் அஸருக்கு முன்பே கடிகாரம் நின்றுவிட்டது. கொண்டுபோய்க் காட்டினால், "தண்ணி பட்டிருக்கு, நான் பொறுப்பில்லை" என்று கையை விரித்துவிட்டார். உளூச் செய்யும்போது கடிகாரத்தைக் கழற்றி வைப்பதே என் வழக்கம். பிறகு பக்கத்து ஊரில் வயதான தொழிலாளி ஒருவர் திறந்து பார்த்து, இது கழுவப்படவே இல்லை, பழைய எண்ணெய் காய்ந்து கிடக்கிறது, பேலன்ஸ் வீலும் இந்தக் கடிகாரத்தினுடையது அல்ல என்றார்.

அந்தச் சிறு சக்கரம் வினாடிக்கு ஐந்து துடிப்பாக மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. மூடிக்குள்ளே அது கழுவப்பட்டதா, எண்ணெய் கண்டதா என்று காசு கொடுத்தவனுக்கு எப்படித் தெரியும்? மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது ஈரம் அடியில்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும் வேலை முழுவதும் அமானிதம்.

எல்லோரிடமும் கூலிக்கு வேலை வாங்கிக்கொள்ளும் இத்தகைய தொழிலாளியை பிக்ஹு நூல்கள் 'அஜீர் முஷ்தரக்' என்கின்றன. தையற்காரர், சலவைக்காரர் எல்லாம் இந்த இனம். அவர் கையில் உள்ள பொருள் அமானிதம். அவர் குற்றமின்றித் தொலைந்தால் ஈடு இல்லை என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் முடிவு. தடுக்க முடியாத தீ விபத்து போன்றவை தவிர மற்றவற்றுக்கு அவர் ஈடு கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுப், இமாம் முஹம்மது (ரஹ்மா) ஆகியோரின் முடிவு. ஆனால் அவருடைய வேலையினாலேயே பொருள் கெட்டால், சலவைக்காரர் அடித்துத் துவைத்ததில் துணி கிழிந்ததைப் போல, அவர் பொறுப்பு என்பதில் மூவரும் ஒன்றுபடுகிறார்கள். செய்யாத வேலைக்குக் கூலி இல்லை என்பதோ சொல்லவே வேண்டாதது. ஆகவே எனக்கு அவரிடம் ஒரு ஹக்கு இருக்கிறது; அதைக் கேட்க வேண்டிய முதல் இடம் அவருடைய கடைதான். நம்மில் பலர் அங்கே மட்டும் பேசாமல் வந்து, மற்ற எல்லா இடங்களிலும் பேசுகிறோம்!

அநீதிக்குள்ளானவன் தன் முறையீட்டை வெளிப்படுத்துவதற்குத் திருமறையின் நான்காம் அத்தியாயம் 148-ஆம் வசனம் விலக்களித்திருக்கிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், பிறர் குறையைச் சொல்வது ஆகுமான இடங்கள் ஆறு என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் இரண்டு நமக்கு இங்கே வேண்டியவை. ஒன்று, நீதி கிடைக்கச் செய்யக்கூடியவரிடம் முறையிடுவது. மற்றொன்று, ஆலோசனை கேட்பவரை எச்சரிப்பது. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி வந்து கேட்டபோது, ஒருவரிடம் பொருள் இல்லை, மற்றவர் கைத்தடியைத் தோளிலிருந்து இறக்காதவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாகவே சொன்னார்கள். திருமணத்துக்குத் தேவையானதைச் சொன்னதோடு நிறுத்தியும் கொண்டார்கள். அந்த நிறுத்தத்தை நாம் கவனிப்பதில்லை.

என் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், கடையின் பெயர்ப் பலகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம் என்றார். அந்தக் குழுவில் இருப்பவர்களில் எத்தனை பேர் கடிகாரம் பழுதுபார்க்கப் போகிறவர்கள்? மற்றவர்களுக்கு அது வெறும் வாய்க்கு அவல். அன்றியும், திண்ணையில் பேசிய பேச்சுக்குக் கேட்ட நால்வரிடம் போய்த் திருத்தம் சொல்லிவிடலாம்; கைபேசிக்குக் கைபேசி தாவிப் போனதை யாரிடம் போய்த் திருத்துவது? கடைக்காரர் நம்மவரா பிறரா என்றும் அவர் கேட்டார். நம்முடைய பாதுகாப்பில் வாழும் பிறசமயத்தவரைப் புறம் பேசுவதும் ஹராம் என்று ஹனபி நூல்களிலேயே இருக்கும்போது, அந்தக் கேள்விக்கு இங்கே வேலை இல்லை.

ஆனால் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், தம் கடிகாரத்தை அதே கடையில் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். இப்போது வாய் மூடியிருப்பது பேணுதல் ஆகாது. ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதத்துக்கு உரியவர் என்பது ஹதீஸ். 700 ரூபாய் கொடுத்தேன், நான்கு நடை நடந்தேன், ஒன்பது நாளில் நின்றது, பொறுப்பில்லை என்றார். இவை நான் கண்டவை, சொன்னேன். கழுவவில்லை என்பது இன்னொரு தொழிலாளியின் வார்த்தை. அவரும் அதே தொழில் செய்பவர் ஆதலால், அவர் சொன்னார் என்றே சொன்னேன். வீலைத் திருடிவிட்டார் என்பது யாரும் காணாதது. அதைச் சொல்லவில்லை.

மறுமுறை நான் கடைக்குப் போய் நேரடியாகக் கேட்டபோது, பழைய வீலின் அச்சு தேய்ந்திருந்தது, புதியது கிடைக்காததால் வேறொரு பழைய கடிகாரத்திலிருந்து எடுத்துப் போட்டேன் என்றார். நம்பக்கூடியதுதான். எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-இல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. உதிரிபாகம் எங்கே போய் வாங்குவது? என்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். கழுவாத வேலைக்கு அவரிடம் பதில் இல்லை. 400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெரியவரைத் தேடிப்போய் இதையும் சொல்லிவிட்டேன்.

மீதி 300 ரூபாயை நீங்கள் மன்னித்துவிட்டால், அதற்குப் பிறகு அவரைப் பற்றிச் சொல்லும் உரிமையும் போய்விடுமா என்று மத்ரஸா மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. முறையிடும் உரிமை போய்விடும். அது என் ஹக்குக்காக வந்தது. ஆலோசனை கேட்பவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு போகாது. அது கேட்பவருடைய ஹக்கு. 300 ரூபாயை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தாவின் பழைய வீலைத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.