நாமே செய்ததை நாமே கும்பிடலாமா?

போன சரஸ்வதி பூஜை அன்று எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பலகையில் பட்டுத்துணி விரித்து, புத்தகங்களை அடுக்கி, என் பேனா, சமையலறைக் கத்தி, கரண்டி, தையல் கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் சாத்தி, விழுந்து நமஸ்காரமும் செய்தாயிற்று. பக்கத்தில் நின்றிருந்த அக்கா மகள் கேட்டாள்.

"சித்தி, இந்தப் பிள்ளையாரை இப்பதானே நீ பிடிச்சே? நீ செஞ்சதை நீயே எப்படிக் கும்பிடறே?"

நாலாம் வகுப்பு படிக்கிறாள்! "சாமி விஷயத்துல அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று வாயை அடைத்துவிட்டேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள், இல்லையா? ஆனால், கேள்வி என்னை விடவில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் காலம்காலமாக நம்மைப் பார்த்துக் கேட்கிற கேள்விதானே அது!

சில வாரங்கள் கழித்து, வேறொரு கட்டுரைக்காக பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூருக்குப் போனேன். பச்சைமலை அடிவாரத்து ஊர். மரத்தில் சுவாமி சிற்பங்களும், வாகனங்களும், தேர்ச் சிற்பங்களும் செதுக்குகிறவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தூங்குமூஞ்சி, மா, வேம்பு என்று நாம் நிழலுக்கு ஒதுங்கும் மரங்கள்தான் அங்கே கருடனாகவும் அன்னமாகவும் மாறுகின்றன.

நான் போன பட்டறையில் எழுபது வயதைத் தொட்ட ஒரு பெரியவர். எதிரே தரையில் வரிசையாக உளிகள். அறுபதுக்குக் குறையாது. ஒன்று பட்டையாக, ஒன்று பிறை போல, ஒன்று குழந்தையின் சுண்டுவிரல் நகம் அளவுக்கு.

"இதெல்லாம் எந்தக் கடையில வாங்குவீங்க ஐயா?"

"கடையிலயா? இது எல்லாமே நானே அடிச்சதும்மா. கடை உளி கடைக்காரன் கணக்குக்கு இருக்கும். சாமியோட இமைக்கு அது உள்ள போகாது."

உளி பிறக்கும் கதையை அவர் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். லாரியில் கழித்துப் போட்ட பட்டை வில், தேய்ந்துபோன அரம்... இவைதான் மூலப்பொருள். கரி உலையில் காய்ச்சி, அடித்து, வாயை வளைத்து, உருவம் கொண்டுவர வேண்டும். பிறகு, சிவக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். பதம் தெரிய ஒரு காந்தத் துண்டு வைத்திருக்கிறார். நன்றாகக் காய்ந்த எஃகில் காந்தம் ஒட்டாது! அந்த நேரத்தில் எடுத்து எண்ணெயில் முக்க வேண்டும்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இல்லையாம். அப்போது அது கண்ணாடி மாதிரி; ஓங்கித் தட்டினால் நொறுங்கிவிடும். அதனால் மேல்பூச்சைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி இளஞ்சூட்டில் காட்டுகிறார்கள். எஃகின் மேல் நிறம் ஓடி வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் வாய்க்கு வந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். பாகு வைக்கிறபோது கம்பிப் பதம் தவறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா! நீலம் வரை விட்டால் உளியின் வாய் மரத்தில் மடங்கிப்போகும்.

"அதோட கோபம் அடியோட போயிடக் கூடாது. கொஞ்சம் இறங்கணும், அவ்வளவுதான்" என்றார்.

ஆயுத பூஜை அன்று இந்த உளிகளையும் புளிய மரத்துக் கொட்டாப்புளியையும் கழுவி, பொட்டு வைத்து வரிசையாக வைப்பாராம். அன்று முழுவதும் தொட மாட்டார். எனக்கு அக்கா மகள் ஞாபகம் வந்துவிட்டது. அவளுடைய கேள்வியை என்னுடையது போலக் கேட்டேன்.

"நானா செய்தேன், எல்லாம் அவன் செயல்" என்பார் என்று எதிர்பார்த்தேன். மேடைக்கு மேடை கேட்ட பதில் அதுதானே. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"நான் செஞ்சதுதாம்மா. யாரு இல்லேன்னா? ஆனா செஞ்சு முடிச்சப்புறம் அது என் பேச்சைக் கேக்குறதில்லையே! கருக்கு மழுங்கினா வழுக்கி என் விரலை வெட்டுது. வீட்டுல சண்டை போட்டுட்டு வந்து உக்காந்தா, அன்னிக்குக் கோடு நேரா வராது. 'எந்திரிச்சுப் போ'ன்னு சொல்லுது. முப்பது வருஷமா என்னைத் திருத்திட்டு இருக்கு. கும்பிட்டா என்ன தப்பு?"

யோசித்துப் பாருங்கள் தோழியரே... நவராத்திரியில் கன்யா பூஜை செய்கிறோம். பெற்ற மகளையே மனையில் உட்கார வைத்து, கால் அலம்பி, நலங்கிட்டு வணங்குகிற தாய்மார்கள் நம்மில் இல்லையா? பத்து மாதம் சுமந்தவள்தான் பாதத்தில் பூவும் போடுகிறாள். பெற்றதால் தன் உடைமை ஆகிவிடவில்லை என்பது அந்த ஒரு நாளாவது அவளுக்குத் தெரிகிறது. செய்தவர் கையை விட்டுப் போன பிறகு பொருளுக்கு ஒரு தனி வாழ்வு வந்துவிடுகிறது. கொழுக்கட்டை நம் கைப்பக்குவம்தான். நைவேத்தியம் ஆன பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொள்கிறோமே!

கோயில் வாகனங்களுக்குக் கண் திறந்த பிறகு, தானே செதுக்கியதானாலும் பெரியவர் அதன் மேல் உளியை வைப்பதில்லை. கருட சேவையில் அந்தக் கருடன் வீதியில் வரும்போது கூட்டத்தோடு கூட்டமாக நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். இதைச் செய்தவர் இவர் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

இங்கேதான் எனக்கு உறுத்தியது. கருவிக்குப் பொட்டு வைக்கிற நாம், அதைப் பிடிக்கிற கையை என்ன செய்கிறோம்? எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பூஜையறைக் கதவு, கம்ப்யூட்டர் இயந்திரத்தில் கடைந்தது. அதிலும் மணி கட்டி விளக்கேற்றுகிறேன். அங்கே தெய்வம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், அதே பட்டறையில், இவ்வளவு கதையும் கேட்டு முடித்த பத்தாவது நிமிடம், ஒரு முழம்கூட இல்லாத கஜலட்சுமிப் பலகைக்கு ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டவளும் நான்தான்! பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உளியைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாகப் போய், சொன்ன விலையையே கொடுத்தேன்.

கிளம்பும்போது, குழந்தைக்குக் காட்ட ஒரு பழைய உளி கிடைக்குமா என்று கேட்டேன். "அது என் கைக்குப் பழகினதும்மா" என்று மறுத்துவிட்டார். பிறகு மூலையில் கிடந்த தகர டப்பாவைக் கிளறி, முனை உடைந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "பதம் தப்பினது. முதல் அடியிலேயே போச்சு. இதைக் காட்டுங்க."

அக்கா மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த சரஸ்வதி பூஜைக்குப் பேனாக்களோடு இதையும் வைக்கப்போகிறேன் என்றேன்.

"உடைஞ்சதுக்குமா பொட்டு வைப்பே சித்தி?"

"நீயே வை" என்று சொல்லியிருக்கிறேன்.