காவற்காரன் உறங்கலாமா?



சாட்சி நேரத்தில் ஒரு சகோதரர் எழும்பி, "பீடியை விட்டேன்" என்று சொன்னால் கைதட்டி அல்லேலூயா சொல்லுகிறோம். நல்லதுதான். ஆனால் சபை வாசலைத் தாண்டினதும், "நம்ம வீட்டில் யாரும் புகைக்கிறதில்லை, நமக்கென்ன?" என்று போய்விடுகிறோமே! எசேக்கியேலைக் கர்த்தர் காவற்காரனாக வைத்தது அவன் வீட்டுக்கு மட்டுந்தானா?

இந்தத் தேசத்தில் புகையிலைக்கு விரோதமான சட்டம் தானாய் வந்துவிடவில்லை. 1999-ல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுத்தது, குடிமக்கள் வழக்குப் போட்டதினால்தான். 2001-ல் உச்ச நீதிமன்றம் தேசம் முழுவதற்கும் அப்படியே உத்தரவிட்டது. 2003-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. அதோடு முடிந்ததா? கடைகளில் சிகரெட் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் தடை போட, அது வருஷக்கணக்காய்க் கிடந்தது. ஹெல்த் ஃபார் மில்லியன்ஸ் என்ற தொண்டு நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2013-ல் தடை நீங்கியது. சட்டம் தூங்கும்போது தட்டி எழுப்ப ஆள் வேண்டும், பிரியமானவர்களே!

அடுத்ததை எழுத என் கை தயங்குகிறது. நம்ம திருநெல்வேலிச் சீமையில் அநேக சகோதரிகள் சுளகை மடியில் வைத்து பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள். தசமபாகமும் அந்தக் கூலியிலிருந்துதான் கொடுக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளியாக்கிப் பேசுகிறவரை நான் பிரசங்கபீடத்தில் ஏற்றமாட்டேன். நாள் முழுக்க அந்தத் தூளைச் சுவாசிக்கிறது அவர்கள்தானே! 2005-ல் அமலுக்கு வந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17-ம் பிரிவு, இப்படிப்பட்ட தொழிலாளருக்கு வேறு பிழைப்பு வழி காட்டச் சொல்லுகிறது. நம்ம அரசாங்கமும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. "பீடியை ஒழி" என்று கூட்டம் போடுகிற சங்கங்கள் இதையும் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் அது பாதி ஊழியம். சபையில் தையல் வகுப்பு ஆரம்பித்தால் முதல் இடம் இந்தச் சகோதரிகளுக்கே.

வாலிபத் தம்பிமாரே, உங்களுக்கு ஒரு வேலை. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்பது 2003 சட்டம். அபராதம் 200 ரூபாய் வரைதான், அதனால் எவருக்கும் பயமில்லை. நாடா பிடித்து அளந்து பாருங்கள். முதலில் கடைக்காரரிடம் அன்பாய்ப் பேசுங்கள், அவர் நம்ம சபை விசுவாசியானாலும் பேசுங்கள். கேட்காவிட்டால் கலெக்டருக்கு மனு எழுதுவோம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும்போது கடைகளின் கணக்கைக் கொண்டுவாருங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.