நோயாளியின் தர்மம்

வயோதிகம் எய்திய நம் பெரியவர்கள் தெய்வ சந்நிதியில் வேண்டுவனவற்றுள் முதன்மையானது நீண்ட ஆயுளன்று; கிடையில் விழாமல், பிறர் கையை எதிர்பாராமல், நடமாட்டம் இருக்கும்போதே உயிர் பிரிய வேண்டும் என்பதே. வருத்தமில்லாத மரணத்தையும், தைன்யமில்லாத, அதாவது பிறர்முன் கூனிக்குறுகி நிற்கும் இழிநிலையில்லாத ஜீவனத்தையும் யாசிக்கும் வடமொழிப் பிரார்த்தனையும் அவ்வாறே கேட்கிறது. பெற்று வளர்த்த மக்களின் கையில் ஒரு மூதாட்டி சில மாதகாலம் பராமரிக்கப்படுவது அப்பிரார்த்தனை அஞ்சுகின்ற தைன்யந்தானா?

எங்கள் பாட்டி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து இந்த விசாரம் என்னை விட்டபாடில்லை. முற்காலத்தில் இத்தகைய முறிவு கண்டவர்கள் காலில் எடை கட்டப்பெற்று வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடப்பார்கள். படுக்கைப்புண்ணாலும் நெஞ்சில் கட்டிய சளியாலும் மடிந்தோர் பலர். இன்றோ சஸ்திர சிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளியை எழுப்பி நிறுத்துகிறார்கள். பாட்டி வீடு திரும்பியதும், இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்கவும், வாக்கரைப் பிடித்து நடை பழக்கவும், தலை வாரிப் பின்னிவிடவும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் போட்டியிட்டுக்கொண்டு முன்வந்தனர். பாட்டியோ, "உங்களுக்கெல்லாம் நான் பாரமாயிட்டேனே" என்று ஓயாமல் மறுகினார். வலி எங்கே என்றால், "ஒண்ணுமில்லே" என்பார். இரவில் மருமகளை எழுப்பிப் பெட்பேன் கேட்க நேருமே என்று தண்ணீர் குடிப்பதையே மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டார் என்பது, நாவறட்சியும் நீர்க்கடுப்பும் ஜுரமும் கண்ட பின்னரே தெரியவந்தது. பிறரை வருத்தலாகாது என்ற உத்தமமான எண்ணமே அந்தத் தேகத்துக்குப் பகையாயிற்று.

வைத்தியன், மருந்து, பணிவிடை செய்வோன், நோயாளி ஆகிய நால்வகையையும் சிகிச்சையின் நான்கு பாதங்களாகக் கூறும் சரக சம்ஹிதை, பணிவிடை செய்வோனுக்கு அன்பையும் தூய்மையையும் விதித்ததோடு நில்லாமல், நோயாளிக்கும் நான்கு குணங்களை விதிக்கிறது: நினைவாற்றல், சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தன் உபாதையை உள்ளபடி எடுத்துரைத்தல். திருவள்ளுவரோ, மருந்து என்ற அதிகாரத்தின் இறுதிக் குறளில் இந்நான்கையும் எண்ணுமிடத்து, நோயுற்றவனையே முதலில் வைத்தார். ஆகவே கட்டிலில் கிடப்பவர், பிறர் புண்ணியம் ஈட்டுவதற்கு வாய்த்த வெறும் பாத்திரமல்லர். தாகத்தைச் சொல்வதும், வலியை மறையாமையும், நீட்டிய கையைக் கூசாமற் பற்றுவதும் அவருக்குரிய ஸ்வதர்மம். 'நான் கொடுப்பவள், வாங்குபவள் அல்லள்' என்று ஆயுள் முழுதும் வாழ்ந்த நல்லவர்களுக்கு இந்தத் தர்மமே மிகக் கடினமானது. நற்குணத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் கர்த்தா என்ற அபிமானத்தைக் களைவதற்கு, வேறெந்தத் தவத்தையும்விட இது கூர்மையானது என்று கருதுகிறேன்.

பெரியபுராணத்தில் திலகவதியாரின் சரித்திரத்தை இந்நோக்கில் படித்தல் வேண்டும். தமக்கு நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டபோது உயிர்துறக்கத் துணிந்த அவ்வம்மையார், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார். பின்னாளில் அத்தம்பி சமணத் துறவியாகிச் சூலைநோயால் துடித்தபோது, மதத்தால் பிரிந்துபோன தமக்கையிடம் எந்த முகத்தோடு செல்வது என்று எண்ணி நின்றுவிடவில்லை. இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து அவர் காலில் விழுந்தார். அம்மையாரும் பழங்கணக்கு ஒன்றும் பேசாமல் திருநீறளித்து, தாம் திருவலகுப் பணிக்குச் செல்லும் கோயிலுக்கே உடனழைத்துச் சென்றார். அங்ஙனம் கூசாமல் உதவியை ஏற்றவரே, முதுமையிலும் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய திருநாவுக்கரசர்.

எனவே தைன்யம் இயலாமையில் இல்லை. முகஞ்சுளித்து வைக்கும் கஞ்சியில் அது உண்டு. கூப்பிட்ட குரலுக்குத் தாமதித்து வரும் காலடியிலும் உண்டு. இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது அதர்மமாகும். குடும்பமே கூடித் தாங்குகிறது என்று ஊர் மெச்சும் இல்லங்கள் பலவற்றிலும் பகலில் கூட்டமிருக்கிறது. இரவோ பெரும்பாலும் ஒரே மருமகளின் தலையில் விடிகிறது. களைத்துப்போன அந்த முகத்தை, படுத்திருப்பவர் கண் தப்பாமல் கண்டுகொள்ளும். எங்கள் வீட்டில் மகள்மார் இருவரும் வந்து இரவு முறையைப் பகிர்ந்துகொண்டு, மகன்கள் காலைச் சமையலை ஏற்ற பிற்பாடுதான் பாட்டி தயக்கமின்றித் தண்ணீர் கேட்கத் தொடங்கினார்.