விலையும் விளக்கும்

மட்டக்களப்பு வாவிக்கரையிற் பிறந்து பொறியியல் கற்ற இளைஞன் ஒருவன், மின்நிலையப் பணியை விட்டு, எரிபொருளும் மின்சாரமும் வாங்கி விற்கும் தொழிலுக்காகச் சிங்கப்பூர் செல்லப்போவதாகக் கூறினான். சம்பளம் பன்மடங்கு. நான் குறைகூறேன், குடும்பச் சுமை எவர்க்கும் உண்டு. வணிகமும் வீண்தொழில் அன்று: மிகுந்த இடத்துப் பொருளைக் குறைந்த இடத்துக்குச் சேர்ப்பதும் ஒரு தொண்டே.

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. இயந்திரம் நின்றுவிடுமோ என்று அஞ்சுவது பொறியியலாளனின் இயல்பு. விலை ஏறுமென்று வாங்கி வைத்தவனுக்கோ அந்த நிறுத்தமே ஆதாயம். 2001 ஜனவரியில் கலிபோர்னியா மின்வெட்டில் தவித்தபோது, என்ரோன் நிறுவன மின்வணிகர் ஒருவர் லாஸ் வேகாஸ் மின்நிலையமொன்றை நிறுத்திவைக்குமாறு தொலைபேசியிற் கேட்டார். ஒலிப்பதிவு பின்னர் வெளிப்பட்டது. இயந்திரத்தின் பலவீனத்தை அறிந்த அறிவு அங்கே எதற்குப் பயன்பட்டது, பாருங்கள்!

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அவ்வாண்டு மண்ணெண்ணெயின்றி மீனவர் தொழிலும் முடங்கிற்று. வணிகரே காரணம் என்பது பொய். அந்நியச் செலாவணி வற்றியதே முதற்காரணம். ஆனால், உக்ரேன் போரினால் அந்நாளில் உலகச் சந்தையில் ஏறிய எண்ணெய் விலை எவர்க்கோ நற்செய்தியாக இருந்தது.

“தம்பி, அத்தகைய காலையில் எதை விரும்பி எழுவாய்?” என்றேன்.

“விலை இறங்கினாலும் இலாபம் எடுக்கலாம், ஐயா” என்றான்.

அது உண்மையே, நான் கேட்டதற்கு விடை அன்று.