காணிக்கைக்குக் கணக்கு கேட்கலாமா?

"காணிக்கை போடாதவன்தான் கணக்கு கேப்பான்." எங்கள் பக்கத்துச் சபைகளில் இது வேதவசனம்போலவே புழங்குகிறது. சபைக் கூட்டத்தில் யாராவது எழுந்து, போன வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் வந்த தொகை என்னவாயிற்று என்று கேட்டால் போதும், பின்வரிசையிலிருந்து ஒரு குரல் இதைச் சொல்லிவிடும். சிரிப்பு எழும். கேட்டவர் உட்கார்ந்துவிடுவார். அடுத்த தீர்மானத்தை வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வுபெற்றவள். சேகரத்தில் பொருளாளர் பொறுப்பையும் சில காலம் பார்த்தேன். இன்றைக்கும் ஞாயிறு காணிக்கை எண்ண ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பணத்தைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் கோயில் பணத்தைப் பற்றிக் கேட்பது விசுவாசக் குறைவு என்று மனதார நம்புகிறவர்கள் நம்மிடையே ஏராளம். என் சித்தப்பாவே அப்படித்தான். பென்ஷன் வந்த அன்றே பத்தில் ஒன்றைக் கவரில் போட்டு ஒட்டிவிட்டுத்தான் மளிகைச் சீட்டு எழுதுவார். "கர்த்தருக்குன்னு போட்டாச்சு. பொறவு என்னளா கணக்கு?" என்பார். பின்வரிசைக்காரரின் கேலியை ஒதுக்கிவிடலாம். இப்படிக் கொடுக்கிற மனுஷர் சொல்வதை ஒதுக்க முடியாது. அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காணிக்கை எண்ணும் மேஜையை ஒருதரம் கிட்டே நின்று பாருங்கள். பைகளைக் கவிழ்த்ததும் முதலில் உருள்வது சில்லறை. அப்புறம் தாள்கள். பர்ஸிலிருந்து வந்த தாள் தட்டையாகக் கிடக்கும். முந்தானை முடிச்சிலிருந்து வந்த தாள் எட்டாக மடிந்திருக்கும்; நீவி வைத்தாலும் மறுபடி சுருண்டுகொள்ளும். சிலவற்றில் வெற்றிலை வாசம் இருக்கும். கூடவே கவர்கள்: மகன் வேலையில் சேர்ந்ததற்கு, பேத்தி சுகப்பிரசவமாகப் பிறந்ததற்கு, ஸ்கேனில் கட்டி இல்லை என்று வந்ததற்கு. சில கவர்களில் 'பெயர் வாசிக்க வேண்டாம்' என்று மட்டும் எழுதியிருக்கும். இப்போது வாசல் தூணில் கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறது, வெளியூர்ப் பிள்ளைகள் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். ஆனாலும் அந்தச் சுருண்ட பத்து ரூபாய்த் தாள்கள் வராத ஞாயிறு இல்லை.

அப்படி ஒரு தாளைக் கட்டில் சேர்த்து, பதிவேட்டில் தொகை எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறோம். அதைக் கொடுத்தவள் எதையோ வாங்காமல் விட்டிருக்கிறாள். அது தேங்காய் எண்ணெயா, மாத்திரையா என்று எனக்குத் தெரியாது. அவள் எதை விட்டுக்கொடுத்தாளோ, அதற்குத் தகுந்த காரியம் நடந்ததா என்று சொல்ல வேண்டிய கடமை வாங்கி வைத்தவர்களுக்கு உண்டு. கணக்கு அவளுக்குச் செய்கிற மரியாதை.

இது வங்கிக்காரி புத்தி என்று நினைத்துவிடக் கூடாது. வேதாகமமே இந்த விஷயத்தில் வெகு கறாரானது. யோவாஸ் ராஜா எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்லி, அதற்கான பணத்தை வாங்கும் பொறுப்பை ஆசாரியரிடமே கொடுத்தான். அவனுடைய ஆட்சியின் 23-ஆம் வருஷம்வரை பணம் வந்துகொண்டிருந்தது, ஆலயம் மட்டும் பழுதாகவே கிடந்தது. ஆசாரியர் திருடினார்கள் என்று இதைச் சொல்லும் இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் எங்கும் சொல்லவில்லை. வேலை நடக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அதற்குப் பிறகுதான் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்தின் பக்கத்தில் வைக்கிறான். நம் உண்டியலுக்கெல்லாம் மூத்தது அந்தப் பெட்டி. பணம் சேர்ந்ததும் ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். கோயில் ஆள் ஒருவர், வெளி ஆள் ஒருவர். பிரதான ஆசாரியனே ஆனாலும் தனியாக எண்ணவில்லை.

அதே அதிகாரத்தில் சித்தப்பா பக்கம் பேசுகிற வரியும் இருக்கிறது. வேலையை நடத்தியவர்கள் உண்மையாய் நடந்துகொண்டபடியால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. இதைக் காட்டி, பார்த்தாயா, நம்பிக்கைதான் முக்கியம் என்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். துவாரம் போட்ட பெட்டி வந்த பிறகு, இரண்டு பேர் எண்ணி முடித்த பிறகு, தச்சரும் கொத்தரும் கண்முன் வேலை செய்துகொண்டிருந்தபோது வந்தது. பழுது கிடந்த வருஷங்களில் யாரும் அப்படி எழுதவில்லை.

இயேசுவின் கூட்டத்திலேயே பணப்பையைச் சுமந்தவன் யூதாஸ். அதிலிருந்து அவன் எடுத்துக்கொண்டான் என்று யோவான் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். முந்நூறு பணம் பெறும் தைலத்தை வீணாக்குகிறாளே, ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று மரியாளைக் குறைசொன்னவனும் அவன்தான். ஏழைகள் பெயரை உரக்கச் சொல்கிறவர் கையில் பை பத்திரமாக இருக்கும் என்று நினைத்துவிட முடியாது.

எனக்குப் பெரிய துணை பவுல். எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்காக மக்கெதோனியா, அகாயா, கலாத்தியா சபைகளிலெல்லாம் அவர் தர்மப்பணம் சேர்த்தார். தாராளமாகக் கொடுப்பதைப் பற்றி நம் மேடைகளில் கேட்கிற பிரசங்கங்களில் பாதி, அந்தச் சமயம் அவர் கொரிந்தியருக்கு எழுதியதிலிருந்து எடுத்தவை. உற்சாகமாய்க் கொடுப்பது, கட்டாயமில்லாமல் கொடுப்பது, கொடிய தரித்திரத்திலும் மக்கெதோனியர் தங்கள் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்தது எல்லாம் அங்கேதான் வருகின்றன. பத்தில் ஒன்று என்ற அளவை அந்த இடத்தில் அவர் எடுக்கவே இல்லை. ஒவ்வொருவரும் தன் மனதில் நியமித்தபடி என்று விட்டுவிடுகிறார்.

ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் எட்டாம் அதிகாரத்தின் பின்பகுதியை எந்தப் பிரசங்கியாரும் வாசித்து நான் கேட்டதில்லை. பணத்தை யார் யார் கொண்டுபோகிறார்கள் என்று பவுல் அங்கே விவரம் சொல்கிறார். தீத்து வருகிறான், சபைகள் தெரிந்தெடுத்த சகோதரன் ஒருவன் வருகிறான், பலமுறை சோதித்துப் பார்த்த இன்னொருவனும் வருகிறான். பணவிஷயத்தில் ஒருவரும் எங்களைக் குற்றம் சொல்லாதபடி, கர்த்தர் முன்பாக மட்டுமல்ல மனுஷர் முன்பாகவும் ஒழுங்காயிருக்கப் பார்க்கிறோம் என்று காரணமும் சொல்கிறார். கர்த்தருக்குத் தெரியும் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. முந்தின நிருபத்தில், நீங்களே ஆட்களைத் தெரிந்தெடுங்கள், அவர்கள் கையில் கொடுத்து அனுப்புகிறேன் என்றும் எழுதியிருக்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளில் பெரோயா, தெசலோனிக்கே, தெர்பை, ஆசியா என்று ஊர்வாரியாக ஏழு பேர் பவுலோடு பயணப்படுகிறார்கள். அவர்கள் அந்தப் பணத்தோடு போன சபைப் பிரதிநிதிகள் என்றே வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

இதையெல்லாம் பவுல் யாருக்கு எழுதினார்? கொரிந்தியருக்கு. கொடுக்கிறோம் என்று ஒரு வருஷம் முன்னால் சொல்லிவிட்டு, இன்னும் கொடுத்து முடிக்காதவர்கள் அவர்கள். காணிக்கை போடாதவனுக்கு என்ன கணக்கு என்று பவுல் கேட்கவில்லை. போடாதவர்களுக்குத்தான் அத்தனை விவரமும் முதலில் போயிற்று.

வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்று ஆண்டவர் சொல்லவில்லையா என்று சித்தப்பா கேட்பார். சொன்னார், கொடுக்கிறவருக்குச் சொன்னார். அதை நாம் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். கொடுத்தவர் பெயரும் தொகையும் மைக்கில் வாசிக்கப்படுகின்றன. ஏலத்தில் ஒரு நாட்டுக்கோழி முட்டையை ஆயிரத்துக்கு எடுத்தவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அந்த ஆயிரம் எங்கே போயிற்று என்பதுதான் இடதுகைக்குத் தெரியாமல் இருக்கிறது.

தசமபாகப் பிரசங்கம் என்றால் மல்கியா மூன்றாம் அதிகாரம் வராமல் இருக்காது. அதை ஒட்டிய காலத்து நெகேமியாவை யாரும் தொடுவதில்லை. லேவியருக்குப் பங்கு சேராததால் அவர்கள் ஊழியத்தை விட்டுவிட்டுத் தங்கள் வயலுக்குப் போய்விட்டதை நெகேமியா பார்க்கிறார். அதிகாரிகளைக் கடிந்துகொள்கிறார். ஜனங்கள் தசமபாகம் கொண்டுவருகிறார்கள். உடனே பண்டகசாலைக்கு ஓர் ஆசாரியன், ஒரு வேதபாரகன், ஒரு லேவியன், கைத்துணைக்கு ஒருவன் என்று நாலு பேரை வைக்கிறார். உண்மையுள்ளவர்கள் என்று பெயர் எடுத்தவர்களாகப் பார்த்து வைத்தார் என்று எழுதியிருக்கிறது. சம்பளம் சேராமல் வயலுக்குப் போன லேவியரை நான் இன்றும் பார்க்கிறேன். கிராமச் சபை ஊழியர் சிலருக்குச் சாயங்காலம் டியூஷன் எடுத்தால்தான் மாதம் ஓடுகிறது.

விதை விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள் என்று டிவியில் அக்கவுண்ட் நம்பரை ஓடவிடுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆதிச் சபையின் கைப்புத்தகமான டிடாகே, ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லித் தனக்குப் பணம் கேட்கிறவனுக்குச் செவிகொடுக்காதீர்கள் என்று முடித்துவிட்டது.

தாராளமும் கணக்கும் சேர்ந்து நடந்த காலம் எங்கள் ஊர்களிலேயே இருந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா முதலானோர் 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் திருநெல்வேலிச் சபையார் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது. என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள். அவள் ரயிலேறியதே கிடையாது. ஆனால் தோர்ணக்கல் என்ற பெயரை அடுத்த ஊரைச் சொல்வதுபோலச் சொல்வாள். தன் அரிசி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் நம்பிக்கை குறைந்துவிடவில்லை, கைப்பிடிதான் பெரிதாயிற்று.

சரி, கணக்கு ஒழுங்காக இல்லையென்றால் கொடுப்பதை நிறுத்திவிடலாமா? இங்கேதான் நான் சித்தப்பா பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். இரண்டு காசு போட்ட விதவையை இயேசு தடுக்கவில்லை. எல்லாரையும்விட அதிகம் போட்டாள் என்றார். அதற்குச் சற்று முன்னால்தான் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைக் கண்டித்தார். சற்றுப் பின்னால் அந்த ஆலயத்தில் கல்லின்மேல் கல் இராது என்றார். அவளுடைய காசு விழுந்த இடம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். அவள் கொடுத்தது அதனால் சிறுத்துவிடவில்லை. அவள் கொடுத்துவிட்டாள் என்பதற்காக வாங்கியவர்களும் தப்பவில்லை.

எங்கள் வீட்டில் காணிக்கையை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒரு பங்கு பைக்குப் போகிறது. மற்றது தெருவிலேயே ஒரு பிள்ளையின் நர்சிங் பீஸுக்குப் போகிறது. மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை அவரவர் ஊர் வாசலிலேயே வைத்து லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிடட்டும் என்று உபாகமமே வழிகாட்டியிருக்கிறது. அதற்காகப் பைக்குப் போகிற பங்கைக் கேட்காமல் விட நான் தயாராக இல்லை. அடுத்த சபைக் கூட்டத்திலும் எழுந்து நிற்பேன். எண்ணும் இருவரும் ஒரே குடும்பத்தாராக இருக்கக் கூடாது. வரவும் செலவும் மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் வர வேண்டும். செலவுப் பக்கத்தில் முதல் வரியாக ஏழைகளுக்குப் போனது இருக்க வேண்டும். ஆடிட்டர் அறிக்கை வருகிறபோது வரட்டும். இதற்கு ஒரு வெள்ளைத்தாளும் நாலு குண்டூசியும் போதும்.