லாக்கர் கதவுக்குள் கஜலட்சுமி

“அண்ணே, இது வெறும் காகிதம். பிரதிஷ்டை பண்ணாத படத்துல சாமி எப்படிண்ணே வரும்?”

எங்கள் அறைக்குப் புதிதாக வந்த தஞ்சாவூர்த் தம்பி கேட்டான். சிங்கப்பூரின் கிராஞ்சி டார்மெட்டரியில் என் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கஜலட்சுமியைத்தான் சொன்னான். தேக்காவில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் மளிகைக்கடையில் கொடுத்த காலண்டர் அது. வருஷம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை வைத்துக்கொண்டேன்.

கேள்வி நியாயமானதுதான். கோயில் மூர்த்திக்குக் கண் திறக்கிறார்கள், கும்பநீர் ஊற்றுகிறார்கள், மந்திரத்தால் உயிரேற்றுகிறார்கள். சிவகாசி ஆப்செட் மெஷின் பக்கத்தில் எந்தக் குருக்கள் நிற்கிறார்?

ஆனால் எழுதிய உருவத்தை நம் முன்னோர் தள்ளிவைக்கவில்லை. பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தம் எட்டு வகைத் திருமேனிகளைச் சொல்லும்போது கல், மரம், உலோகத்தோடு ஓவியத்தையும் சேர்க்கிறது. மனதில் நினைக்கும் உருவத்தைக்கூட விடவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் குற்றாலத்தில், நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையில், சுவரில் தீட்டிய நடராஜருக்குத்தான் வழிபாடு.

தம்பி அசரவில்லை. “அது கோயில் சுவருண்ணே. இது கடைக்காரன் விளம்பரம்” என்றான்.

நான் கோவில்பட்டிக்காரன். அதனால் அவனுக்கு ஊர்க்கதை சொன்னேன். ஓவியர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் லித்தோ என்னும் கல்லச்சு அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரம், நிறத்துக்கொரு கல். அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் வீட்டுச் சுவர்களுக்குப் போனார்கள். அப்போது எங்கள் பக்கம் நிலைமை என்ன? 1899-இல் சிவகாசியில் பெரிய கலவரம். சிவன் கோயிலுக்குள் நாடார்கள் நுழையலாமா கூடாதா என்பதுதான் சண்டை. மதுரை மீனாட்சி கோயிலில் நாடார்களும் தாழ்த்தப்பட்டவர்களும் நுழைந்தது 1939 ஜூலையில். நடுவில் நாற்பது வருஷம். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவன் வீட்டுக்குள் சாமி வந்தது காகிதத்தில்தான். காகிதம் யாரிடமும் சாதி கேட்கவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. எந்தச் சிவகாசியில் ஒரு சாதியைக் கோயிலுக்குள் விடமாட்டோம் என்றார்களோ, அந்த ஊரில் அந்தச் சாதிக்காரர்களே அச்சகம் வைத்து நாடு முழுமைக்கும் சாமி படம் அச்சிட்டு அனுப்பினார்கள். படம் எழுதிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் எங்கள் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976). அவருடைய சீடர்களும் எழுதினார்கள். நம் பாட்டிமார் மனதில் இருக்கும் முருகன் முகமும் லட்சுமி முகமும் பெரும்பாலும் இவர்கள் கைவண்ணம். குருக்கள் பிரதிஷ்டை செய்யவில்லை, சரி. மூன்று தலைமுறைப் பெண்கள் விளக்கேற்றியது கணக்கில் வராதா?

“அப்படின்னா நான் ஒட்டியிருக்கிற நடிகர் படமும் சாமிதானா?” என்றான் தம்பி. அறையே சிரித்தது. மேல்கட்டிலில் காபா படம் வைத்திருக்கும் பங்களாதேஷ் நண்பருக்கு இந்தியில் சொன்னதும் அவரும் சிரித்தார்.

எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. ஓவர்டைம் குறைந்த மாதங்களில் வீட்டுக்கு வீடியோ கால் பேசும்போது, “நல்லா இருக்கேன், வேலை நிறைய இருக்கு” என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் லாக்கர் கதவைச் சாத்திவிடுவேன். லட்சுமி பார்க்கும்போது அந்தப் பொய் வாயில் வராது. நடிகர் படத்தின் முன்னால் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், கூச்சமே இருக்காது. எதன் முன்னால் பொய் சொல்லக் கூசுகிறதோ, அதில் தெய்வம் இருக்கிறது என்பேன். ஆகமம் படித்தவர்கள் இதை ஏற்பார்களா தெரியாது. கோயிலுக்கே போகலாமென்றால், பக்கத்தில் சுங்கை காடுட்டில் அரசகேசரி சிவன் கோயில் இருக்கிறது. ஆனால் லாரி எங்களை இறக்கிவிடும் நேரத்துக்கு அங்கே நடை சாத்தியிருக்கும். எனக்கு ராத்திரியில் திறக்கிற சந்நிதி இந்த லாக்கர்தான்.

ஒன்றே ஒன்றுதான் மனதை உறுத்துகிறது. வேலை பர்மிட் முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் படத்தைப் பெட்டியில் வைக்க இடமில்லாமல் குப்பைத்தொட்டி ஓரத்தில் சாய்த்துவிட்டுப் போகிறார்கள். சிலர் மரத்தடியில் வைக்கிறார்கள். மழையில் முகம் கரைந்துவிடுகிறது. வேண்டாம். ஊருக்குக் கிளம்பும் தம்பிகளே, படத்தை உங்கள் கட்டிலுக்கு அடுத்து வருகிறவனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.