முழமும் படியும்

சீடன்: ஐயா, ஓர் ஐயம். என் நண்பர்கள் இருவரும் ராக் பித்தர்கள். ஒருவனுக்கு யெஸ் குழுவின் ‘டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்’ என்றால் உயிர். 1973இல் வந்தது, இரண்டு இசைத்தட்டு, நாலே பாட்டு, 80 நிமிடத்துக்கு மேல் ஓடும். மற்றவனுக்கு ராமோன்ஸின் முதல் ஆல்பம், 1976. அதில் 14 பாட்டு. எல்லாம் சேர்ந்தே 29 நிமிடம்தான். ஒருவன் தகர டப்பா என்கிறான், மற்றவன் ஜவ்வு என்கிறான். யார் சொல்வது உண்மை?

குரு: பூவை எதனால் அளப்பார்கள்?

சீடன்: முழத்தால்.

குரு: அரிசியை?

சீடன்: படியால்.

குரு: மல்லிகைச் சரத்தைப் படிக்குள் அமுக்கிப் பார்த்து, பாதிகூட நிரம்பவில்லை என்று ஒருவன் குறைப்பட்டால், அவன் பூவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உன் நண்பர்கள் செய்வது அதுதான்.

சீடன்: அதிகம் விற்றது எது என்று பார்த்தால் வழக்கு தீராதா?

குரு: தீராது. பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ 1988க்குள் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 741 வாரம் இருந்தது. வெல்வெட் அண்டர்கிரவுண்டின் 1967 ஆல்பத்தை அப்போது சீந்துவார் இல்லை. இரண்டும் கடைக்காரர் கணக்கு.

சீடன்: அப்படியானால் விஷயம் தெரிந்தவர்கள் சொல்வதை...

குரு: பீட்டில்ஸை 1962இல் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய டெக்கா கம்பெனிக்காரர்களும் விஷயம் தெரிந்தவர்கள்தான். மேலே போ.

சீடன்: ஒன்றுதான் இடிக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் அதனதன் அளவை உண்டென்றால், மோசமான பாட்டே உலகத்தில் இருக்காதே? எதைக் குறை சொன்னாலும், ‘இதற்கு அளவை வேறு’ என்று தப்பித்துக்கொள்ளலாமே?

குரு: கேட்க வேண்டிய கேள்வி. என்னையும் வெகுகாலம் தூங்கவிடாத கேள்வி. அளவைகள் பல என்றதும் அளவே இல்லை என்று முடிவுகட்டுகிறாய். பூக்காரியிடம் படியைக் கொண்டுபோய் நீட்டுவது தப்பு. ஆனால் அவள் முழம் போடும்போது முழங்கையை மடக்கினால் தட்டிக் கேட்கலாம். அளவையைப் பாட்டே தன் தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. ராமோன்ஸ் பாட்டு முதல் சில நொடியிலேயே வேகமாக வருவேன், தனி வாசிப்பு வைக்க மாட்டேன், இரண்டரை நிமிடத்துக்குள் போய்விடுவேன் என்கிறது. ஜானி ராமோன் கிதார் கம்பிகளை மேலிருந்து கீழாக மட்டுமே அடிப்பார். அந்த வேகத்தில் ஒரு பாட்டு முழுக்க அப்படி அடித்துப் பார்த்தவனுக்குத்தான் மணிக்கட்டின் வலி தெரியும். எளிது என்று நம்பி அவர்களைப் போலச் செய்தவர்கள் எத்தனையோ பேர். பெரும்பாலும் தலை தட்டிய படி. ராமோன்ஸுடையது குவித்த படி.

யெஸ்ஸுக்கு வருவோம். அவர்கள் முழம் போடுகிறவர்கள். ஒரு மெட்டை விதைத்து, மறைத்து, வேறு உருவில் திரும்பக் கொண்டுவருவது அவர்கள் தரும் வாக்கு. 1972இல் ‘க்ளோஸ் டு த எட்ஜ்’ என்ற 18 நிமிடப் பாட்டில் அதை ஒரு இழை குறையாமல் நிறைவேற்றினார்கள். மறுவருடத்து ‘டேல்ஸ்’ அதே அளவையில் குறைகிறது. நான் சொன்னால் நம்பாதே. அதில் கீபோர்டு வாசித்த ரிக் வேக்மேனே, ஒரு தட்டுக்கு மிஞ்சியும் இரண்டு தட்டுக்குப் போதாமலும் சரக்கு இருந்ததால் இட்டு நிரப்பினோம் என்ற பொருளில் பேசியிருக்கிறார். மான்செஸ்டர் கச்சேரியில் அந்த இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் அமர்ந்து அவர் கறிச்சோறு சாப்பிட்ட கதை பிரசித்தம். அடுத்த ஆண்டு குழுவைவிட்டே போய்விட்டார். ஆகவே ஒரே அளவைக்குள் நிறைவும் குறைவும் உண்டு, காட்டித் தரவும் முடியும்.

இன்னொரு வகைச் சண்டை உண்டு; அதுதான் மதிப்புள்ள சண்டை. 1966 மே 17, அதே மான்செஸ்டரின் ஃப்ரீ டிரேட் ஹாலில் பாப் டிலன் முற்பாதியைத் தனியாகப் பாடிவிட்டு, பிற்பாதியில் மின்கிதாரும் குழுவுமாக வந்தார். கூட்டத்தில் ஒருவன் ‘யூதாஸ்’, அதாவது துரோகி, என்று கத்தினான். அவனை முட்டாள் என்று சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. எனக்கு அவன்மேல் மரியாதை உண்டு. 1963இல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணியில் பாடியவர் டிலன். பத்துப் பேர் கூடித் தாங்களே பாடிக்கொள்ளத்தான் பாட்டு என்று நம்பியவனுக்கு, ஒலிபெருக்கியின் இரைச்சல் துரோகமாகவே கேட்டிருக்கும். அவன் எடுத்த அளவை தவறு. ஆனால் பாட்டு எதற்காக என்று அவன் கேட்டான். அந்தக் கேள்விக்கு வாதம் உண்டு, பதில் உண்டு. ‘உனக்குப் பிடித்தது உனக்கு’ என்று நழுவுகிறவன் அவனைவிடச் சோம்பேறி.

சில சண்டையோ வெறும் சட்டைச் சண்டை. ராமோன்ஸ் வகையறாவைச் சேர்ந்த செக்ஸ் பிஸ்டல்ஸின் பாடகர் ஜானி ராட்டன் பிங்க் ஃபிளாய்டு பனியனில் ‘வெறுக்கிறேன்’ என்று எழுதிப் போட்டுக்கொண்டு திரிந்தார். 1977இல் லண்டன் கேப்பிட்டல் ரேடியோ அவரைத் தன் சொந்தத் தட்டுகளைப் போடச் சொன்னபோது, அவற்றில் பீட்டர் ஹாமில் இருந்தார். ஹாமில் யெஸ் வகையறாவைச் சேர்ந்த வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் பாடகர். முழமும் படியும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன.

தீர்ப்பு இது: ராமோன்ஸ் தட்டு ‘டேல்ஸ்’ஸைவிட மேல். ‘க்ளோஸ் டு த எட்ஜ்’ஜுக்கும் ராமோன்ஸுக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உன் நண்பர்கள் இருவரும் முதலில் அந்த 18 நிமிடத்தை உட்கார்ந்து கேட்கட்டும்.